செவிப்பறையில் ஒரு சிறு சாளரம்: குழந்தைகளின் காதுக் குழாய் சிகிச்சை கடந்து வந்த பாதை



ஓதிக் கொடுக்கும் பணியில் இருப்போர் அனைவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. பிள்ளையின் நாவு திருந்துவதற்கு முன் அதன் செவி திறந்திருக்க வேண்டும். உஸ்தாத் சொல்வதைக் கேட்டுத்தான் பிள்ளை சொல்கிறது. ஸீன், ஸாத் போன்ற நெருங்கிய ஒலிகளைப் பிரித்துக் கேட்க இயலாத பிள்ளையால் அவற்றைப் பிரித்து உச்சரிக்கவும் இயலாது. மக்தபுகளில் "கவனம் இல்லாதவன்", "சொன்னதைக் கேட்காதவள்" என்று பெயர் வாங்கும் பிள்ளைகளுள் சிலருக்கு உண்மையில் குறை கவனத்தில் இல்லை. செவிப்பறைக்குப் பின்னால் தேங்கி நிற்கும் நீரில்தான் குறை இருக்கிறது.

அந்த நீரை வெளியேற்றி, காதுக்குள் காற்றோட்டத்தை மீட்டுத் தரும் சிறு குழாயை மருத்துவர்கள் "கிரோமெட்" என்று அழைப்பர். அடிக்கடி காதுவலி வரும் பிள்ளையின் பெற்றோரிடம் இந்தச் சிகிச்சையைப் பற்றி மருத்துவர் பேசும்போது இரண்டு விதமான அச்சங்கள் எழுவது இயல்பு. செவிப்பறையிலேயே துளையிடுவதா என்பது ஒன்று. செய்யாமல் விட்டால் பிள்ளை செவிடாகி விடுமோ என்பது மற்றொன்று. இவ்விரு அச்சங்களுக்கும் நிதானமான விடை, இச்சிகிச்சை கடந்து வந்த வரலாற்றிலேயே இருக்கிறது. ஆகவே அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

காதுக்குள் ஓர் அறை

நாம் வெளியே காணும் செவித்துளையின் முடிவில் மெல்லிய சவ்வு ஒன்று இழுத்துக் கட்டப்பட்டுள்ளது. அதுவே செவிப்பறை. அதற்கு உட்புறத்தில் காற்று நிறைந்த சிற்றறை ஒன்று உள்ளது. அதனை நடுக்காது என்பர். அவ்வறையில் உள்ள மூன்று சின்னஞ்சிறு எலும்புகள் ஒலியின் அதிர்வை உட்காதுக்குக் கடத்துகின்றன. அந்த அறைக்குப் புதிய காற்று செல்ல ஒரே ஒரு வழிதான் உண்டு. மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்குச் செல்லும் குறுகிய குழல் அது. நாம் எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது ஒரு கணம் திறந்து மூடும்.

பெரியவர்களுக்கு இக்குழல் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் நீளமும் நல்ல சரிவும் கொண்டது. கைக்குழந்தைக்கோ நீளம் அதில் பாதி அளவே. சரிவும் மிகக் குறைவு. எனவே சளி பிடித்தால் மூக்கிலுள்ள கிருமிகள் எளிதாக நடுக்காதை அடைகின்றன. குழல் வீங்கி அடைபட்டால் அறைக்குள் காற்று குறைந்து, நீர் ஊறித் தேங்குகிறது. நாளடைவில் அந்நீர் பசையைப் போல் கெட்டியாவதும் உண்டு. வலியோ காய்ச்சலோ இல்லாமலேயே, இரு காதுகளிலும் விரலை அடைத்துக்கொண்டு கேட்பதைப் போன்ற நிலையில் பிள்ளை வாரக்கணக்கில் இருந்துவிடலாம்.

அறிந்ததும் அறியாததும்

மருத்துவ வரலாற்றில் முஸ்லிம் அறிஞர்களின் பங்கைப் பற்றி நாம் பெருமிதத்துடன் பேசுகிறோம். அதற்குத் தக்க காரணம் உண்டு. குர்துபாவுக்கு அருகே பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி "அத்தஸ்ரீஃப்" என்னும் 30 பகுதிகள் கொண்ட மருத்துவக் களஞ்சியத்தை எழுதினார். அதன் இறுதிப் பகுதி அறுவை மருத்துவம் பற்றியது. காதுக்குள் சிக்கிய கல், விதை, பூச்சி ஆகியவற்றை எடுக்கும் முறைகளை அதில் அவர் விளக்கினார். ஏறத்தாழ 200 அறுவைக் கருவிகளின் படங்களையும் அந்நூலில் வரைந்து காட்டினார். உடற்கூறு அறியாதவர் கத்தியைத் தொடலாகாது என்று அவர் வலியுறுத்தியதும் குறிப்பிடத்தக்கது. இப்னு ஸீனாவும் தம் "கானூன்" நூலில் காது நோய்களுக்கெனத் தனிப் பகுதி ஒதுக்கினார்.

ஆயினும் செவிப்பறையில் குழாய் பொருத்தும் முறை அவர்கள் கண்டறிந்தது என்று சொல்வது உண்மையாகாது. நடுக்காதுக்குக் காற்று செல்லும் வழியும் அது அடைபட்டால் நேரும் விளைவும் அக்காலத்தில் தெளிவாகியிருக்கவில்லை. முன்னோருக்குரிய சிறப்பை அவர்களுக்கு வழங்குவதும், பிறருக்குரியதைப் பிறருக்கு வழங்குவதும் நீதியின் இரு பக்கங்கள். அல்லாஹ் நோயையும் அதற்கான நிவாரணத்தையும் படைத்திருக்கிறான் என்பது நம் நம்பிக்கை. அந்நிவாரணத்தைத் தேடிக் கண்டறியும் அறிவு எந்த மண்ணில் மலர்ந்தாலும் அது மனித குலத்திற்கே உரியது.

அக்காற்று வழியை விரிவாக விளக்கி எழுதியவர் உரோமில் பணியாற்றிய இத்தாலிய உடற்கூறு அறிஞர் பார்த்தலோமியோ யூஸ்டாக்கி. அவருடைய நூல் 1564 இல் வெளியானது. 1704 இல் காதைப் பற்றித் தனி நூல் எழுதிய வல்சால்வா என்பவர், அவருடைய பெயராலேயே அக்குழலை அழைத்தார். இன்றும் மருத்துவர்கள் அதனை "யூஸ்டேஷியன் குழல்" என்றே கூறுகின்றனர்.

1724 இல் ஒரு வியப்பான நிகழ்ச்சி. பிரான்ஸின் வெர்சாய் நகரத்து அஞ்சல் தலைவரான குயோ என்பவர் காது கேளாமையால் அவதியுற்றார். அவர் மருத்துவர் அல்லர். வளைந்த உலோகக் குழாய் ஒன்றைத் தாமே அமைத்து, அதனை வாய் வழியாகச் செலுத்தித் தம் காதின் காற்று வழியைக் கழுவிச் செவித்திறனை ஓரளவு மீட்டார். பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் அம்முறையை விளக்கியும் காட்டினார். பிணி கொண்டவரின் தவிப்பு சில வேளைகளில் கல்விமான்களையும் முந்திவிடுகிறது.

துளையிடும் துணிவு

செவிப்பறை கிழிந்தால் மனிதன் முழுச் செவிடாகி விடுவான் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. அதைச் சோதித்துப் பார்க்க, 18 ஆம் நூற்றாண்டில் வில்லியம் செசல்டன் என்னும் இலண்டன் அறுவை மருத்துவர் ஒரு வழியை எண்ணினார். மரண தண்டனை பெற்ற கைதி ஒருவரின் செவிப்பறையைத் துளையிடுவது, அதற்கு ஈடாக அவருக்கு மன்னிப்புப் பெற்றுத் தருவது என்பதே அத்திட்டம். மக்களிடையே எழுந்த எதிர்ப்பால் அது நிறைவேறவில்லை. அறிவைத் தேடும் ஆர்வத்திற்கும் ஒரு வரம்பு வேண்டும் என்பதை அன்றைய பொதுமக்கள் உணர்ந்திருந்தனர்.

விடை தானாகவே தேடி வந்தது. இலண்டனின் புகழ்பெற்ற அறுவை மருத்துவரான ஆஸ்ட்லி கூப்பரிடம் ஒரு மருத்துவ மாணவர் வந்தார். சிறு வயதில் சீழ் வடிந்ததால் அவருடைய இரு செவிப்பறைகளும் சிதைந்திருந்தன. எனினும் பிறர் பேசுவதை அவரால் கேட்க முடிந்தது. இதனை ஆராய்ந்த கூப்பர் 1800 இல் ராயல் சொசைட்டியில் ஒரு கட்டுரை அளித்தார். அடுத்த ஆண்டே, காற்று வழி அடைபட்டுக் காது கேளாமல் போன சிலருக்குச் செவிப்பறையில் சிறு துளையிட்டதையும் அவர்களுக்கு அப்போதே செவித்திறன் திரும்பியதையும் அறிவித்தார். அந்த ஆய்வுக்காக ராயல் சொசைட்டியின் உயர் விருதான காப்லி பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது.

இதற்குப் பின் நடந்ததே நாம் கருத்தூன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி. கூப்பரின் புகழ் பரவியதும் ஐரோப்பா முழுதும் செவிடர் பலர் துளையிட்டுக்கொள்ள விரைந்தனர். காற்று வழி அடைபட்டவருக்கு மட்டுமே பயன் தரும் சிகிச்சையை, நரம்பு பழுதடைந்தவருக்கும் பிறவிச் செவிடருக்கும் பலர் செய்தனர். பயன் கிட்டவில்லை. பயன் பெற்றவர்களுக்கும் துளை சில நாள்களிலேயே மூடிக்கொண்டது; பழைய செவிட்டுத்தன்மை திரும்பியது. கூப்பரே இறுதியில் அம்முறையைக் கைவிட்டார். சரியான மருந்து தவறான நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டதால் பெயர் கெட்டுப் போன வரலாறு இது.

துளையைத் திறந்து வைப்பது எப்படி?

படைத்தவன் செவிப்பறைக்குத் தன்னைத் தானே தைத்துக்கொள்ளும் ஆற்றலை வழங்கியிருக்கிறான். பெரும்பாலான சிறு கிழிசல்கள் தாமே ஆறிவிடும். நமக்குப் பேரருளான இந்த ஆற்றலே மருத்துவர்களுக்கு இடையூறாகவும் அமைந்தது. துளை மூடாதிருக்க என்ன செய்வது என்பதே அடுத்த 150 ஆண்டுகளின் கேள்வி.

1845 இல் ஜெர்மனியின் மார்ட்டல் ஃபிராங்க் துளையில் தங்கக் குழாய் பொருத்துவதைப் பற்றி எழுதினார். பின்னர் வியன்னாவின் ஆதம் பொலிட்சர் 1868 வாக்கில், கெட்டி ரப்பரால் ஆன சிறு வளையத்தைத் துளையில் பொருத்தினார். இன்றைய கிரோமெட்டின் மூதாதை அதுவே. காது மருத்துவத்தில் அன்றைய உலகின் தலைசிறந்த ஆசான்களுள் ஒருவர் பொலிட்சர். ஆயினும் அவருடைய வளையம் அடைத்துக்கொண்டது, கழன்று விழுந்தது, சில வேளைகளில் சீழையும் உண்டாக்கியது. கருத்து சரியாக இருந்தும் காலம் கனியவில்லை.

அதே 1868 இல் டென்மார்க்கின் வில்ஹெல்ம் மேயர் வேறொரு பக்கத்திலிருந்து இச்சிக்கலை அணுகினார். குழந்தைகளின் மூக்குக்குப் பின்னால் வளரும் "அடினாய்டு" என்னும் சதைத் திரட்சி, காற்று வழியின் வாயை அடைத்துச் செவித்திறனைக் குறைக்கிறது என்று அவர் காட்டினார். வாயைத் திறந்தபடி உறங்கும், குறட்டை விடும் பிள்ளைகளின் காதையும் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கூறுவதன் தொடக்கம் அங்கேதான்.

அக்காலத்தில் காதுச் சீழ் எவ்வளவு கொடியது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அயர்லாந்தின் டப்ளின் நகரில் வாழ்ந்த வில்லியம் வைல்ட், காது அறுவை மருத்துவத்தில் பெரும் பெயர் பெற்றவர். 1853 இல் அத்துறையில் நூலும் எழுதியவர். அவருடைய மகனே புகழ்பெற்ற எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட். அந்த மகன் 1900 இல் பாரிஸில் மரணமடைந்தார். நாட்பட்ட காது நோய் மூளையுறை வரை பரவியதே காரணம் என்பது மருத்துவ வரலாற்றாய்வாளர் பலரின் முடிவு. காது மருத்துவரின் மகனுக்கே அந்நிலை என்றால், ஏழை எளியோரின் பிள்ளைகள் எத்தனை பேர் பெயரும் பதியப்படாமல் மாண்டிருப்பர்!

20 ஆம் நூற்றாண்டில் மூன்று மாற்றங்கள் சேர்ந்து வந்தன. 1921 இல் ஸ்வீடனின் கார்ல் ஒலோஃப் நைலேன் காது அறுவைக்கு நுண்ணோக்கியைப் பயன்படுத்தினார். 1953 இல் ஸைஸ் நிறுவனம் அறுவைக்கென நல்ல நுண்ணோக்கியை உருவாக்கியது. 1940களில் பென்சிலின் பரவலாகக் கிடைத்தது. நெகிழ்வான பிளாஸ்டிக் புழக்கத்திற்கு வந்தது. இவற்றின் மேல் நின்று, அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த பெவர்லி ஆம்ஸ்ட்ராங் 1954 இல் பிளாஸ்டிக் குழாயைச் செவிப்பறையில் பொருத்தும் முறையை வெளியிட்டார். ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன் பொலிட்சர் தொடங்கிய முயற்சி அப்போதுதான் நிலைபெற்றது.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்வது நல்லது. குழாயின் முதன்மைப் பணி நீரை வடிப்பது என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் நீரை மருத்துவர் அறுவையின்போதே உறிஞ்சி எடுத்துவிடுவார். குழாய் அங்கே இருப்பது அறைக்குள் காற்றை அனுமதிக்கவே. அடைபட்ட இயற்கை வழி சீராகும் வரை அது தற்காலிகச் சாளரமாகப் பணியாற்றுகிறது. பெரும்பாலும் 6 முதல் 18 மாதங்களுக்குள் செவிப்பறை வளரும்போது குழாயும் தானே வெளித்தள்ளப்படும். துளையும் பெரும்பாலும் மூடிக்கொள்ளும்.

மீண்டும் ஒரு மிகை, மீண்டும் ஒரு நிதானம்

சிகிச்சை எளிதானது. பிள்ளைக்கு மயக்கம் கொடுத்துச் சுமார் 15 நிமிடங்களில் முடிந்துவிடும். எளிதானது என்பதாலேயே அது பெருகியது. அமெரிக்காவில் 2006 ஆம் ஆண்டில் மட்டும் 15 வயதுக்குட்பட்ட 6,67,000 பிள்ளைகளுக்கு இது செய்யப்பட்டதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. இத்தனை பேருக்கும் இது தேவைதானா என்ற கேள்வி எழுந்தது. கூப்பரின் காலத்துப் பாடம் மீண்டும் வாசலில் வந்து நின்றது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஜாக் பாரடைஸ் என்னும் குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவினரும் விடை தேடினர். 6,350 குழந்தைகளைப் பிறந்தது முதல் கண்காணித்தனர். அவர்களுள் காதில் நீர் நீடித்துத் தேங்கிய 429 பிள்ளைகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு உடனே குழாய் பொருத்தப்பட்டது. மற்றவர்களுக்கு, நீர் வற்றாமல் நீடித்தால் மட்டும் பல மாதங்கள் கழித்துப் பொருத்தப்பட்டது. 9 முதல் 11 வயது வரை அவர்களைத் தொடர்ந்து சோதித்தனர். பேச்சிலும் படிப்பிலும் அறிவு வளர்ச்சியிலும் இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை என்பதை 2007 இல் வெளியான முடிவு காட்டியது. வேறு குறையின்றி நலமாக வளரும் பிள்ளைக்குச் சில மாதங்கள் காத்திருப்பதால் தீங்கில்லை என்பது இதனால் தெளிவாயிற்று.

அடிக்கடி காதில் சீழ்த் தொற்று வரும் பிள்ளைகளின் நிலை வேறு. ஆறு மாதத்தில் மூன்று முறை, அல்லது ஓராண்டில் நான்கு முறை தொற்று வந்தால் அதனை "மீண்டும் மீண்டும் வரும் காதுத் தொற்று" என்று மருத்துவர்கள் வகுத்துள்ளனர். 6 முதல் 35 மாத வயதுடைய இத்தகைய 250 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2021 இல் வெளியானது. இரண்டு ஆண்டுகளில், குழாய் பொருத்தப்பட்ட பிரிவில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்குச் சராசரி 1.48 முறை தொற்று வந்தது. தொற்று வரும்போது மட்டும் மருந்து கொடுக்கப்பட்ட பிரிவில் 1.56 முறை. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வயது கூடக்கூடத் தொற்றுகள் இரு பிரிவிலும் குறைந்தன.

அப்படியானால் குழாய் வேண்டாத ஒன்றா? அவ்வாறு முடிவு செய்வதும் பிழையே. மூன்று மாதங்களுக்கு மேல் இரு காதுகளிலும் நீர் தேங்கி, செவித்திறன் குறைந்துள்ள பிள்ளைக்கு அது நல்ல பயன் தருகிறது. பிளவுபட்ட அண்ணத்துடனோ டவுன் சிண்ட்ரோமுடனோ பிறந்த பிள்ளைகளுக்கும், ஏற்கெனவே பேச்சு தாமதமான பிள்ளைகளுக்கும் மருத்துவர்கள் முன்கூட்டியே இதனைப் பரிசீலிக்கின்றனர். சோதிக்கும் நேரத்தில் காதில் நீர் இல்லாத பிள்ளைக்கு, தொற்று அடிக்கடி வந்தது என்பதற்காக மட்டும் குழாய் பொருத்த வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2022 வழிகாட்டுதல் கூறுகிறது. யாருக்கு, எப்போது என்பதே கேள்வி. 220 ஆண்டுகளுக்கு முன் கூப்பரைத் தோற்கடித்த கேள்வியும் அதுவே.

நம் இல்லங்களுக்கு

இவ்வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கவை சில.

முதலாவது, பிள்ளையைக் கண்டிக்கும் முன் அதன் செவியைச் சோதியுங்கள். கூப்பிட்டால் திரும்பாத, தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டும், பாடத்தில் ஒரே எழுத்தை மீண்டும் மீண்டும் தவறவிடும் பிள்ளையை மருத்துவரிடம் காட்டி, செவித்திறன் சோதனை செய்து கொள்ளுங்கள். மத்ரஸா ஆசிரியர்களும் இதனைப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்லத் தயங்கக் கூடாது. கேளாத பிள்ளையைக் கேட்கவில்லை என்று அடிப்பது அநீதி.

இரண்டாவது, மருத்துவர் குழாய் பொருத்தச் சொன்னால் அஞ்சாமல் வினவுங்கள். நீர் எத்தனை மாதமாக இருக்கிறது? இரு காதிலுமா? செவித்திறன் எவ்வளவு குறைந்துள்ளது? அடினாய்டு வீங்கியுள்ளதா? காத்திருந்தால் என்ன ஆகும்? நல்ல மருத்துவர் இவற்றைக் கேட்பதால் வருந்தமாட்டார். குழாய் பொருத்திய பின் காதில் சீழ் வடிதல், செவிப்பறையில் தழும்பு, சிலருக்குத் துளை மூடாதிருத்தல் ஆகியவை நேரலாம் என்பதையும் அறிந்தே ஒப்புதல் அளியுங்கள்.

மூன்றாவது, காதில் காய்ச்சிய எண்ணெய், பூண்டுச் சாறு, தாய்ப்பால் ஆகியவற்றை ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். செவிப்பறையில் ஓட்டையோ குழாயோ இருந்தால் அவை நேராக நடுக்காதுக்குள் சென்று தீங்கு செய்யும். குழாய் உள்ள பிள்ளை குளிப்பதற்கோ, உளூவில் ஈர விரலால் காதைத் தடவுவதற்கோ தடையில்லை. குளத்திலும் ஆற்றிலும் மூழ்கிக் குளிப்பதைப் பற்றி மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவது, வருமுன் காப்பது. தாய்ப்பால் குடித்து வளரும் பிள்ளைகளுக்குக் காதுத் தொற்று குறைவு. பிள்ளையைப் படுக்க வைத்துப் புட்டிப்பால் கொடுப்பதும், வீட்டிற்குள் புகைபிடிப்பதும் தொற்றைக் கூட்டும். புகைபிடிக்கும் தந்தையர் இதனைச் சிந்திக்கட்டும். காதுத் தொற்றுக்கு ஒரு முக்கியக் காரணமான நிமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான தடுப்பூசி, 2021 முதல் நம் நாடெங்கும் அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் உள்ளது. அதனைத் தவறவிடாதீர்கள்.

அருள்மறையில் மனிதனுக்கு வழங்கப்பட்ட அருட்கொடைகள் எண்ணிக் காட்டப்படும் பல இடங்களில் பார்வைக்கு முன்னதாகச் செவி குறிப்பிடப்படுவதை ஓதுவோர் அறிவர். ஒரு பிள்ளையின் உலகம் முதலில் தாயின் குரலாகவே அதனை வந்தடைகிறது. அக்குரல் தெளிவாகச் சென்று சேர்கிறதா என்று பார்ப்பது நம் அமானிதம். சிகிச்சை தேவைப்படும்போது தயங்காமலும், தேவைப்படாதபோது அவசரப்படாமலும் நடந்துகொள்ளும் நிதானத்தை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக. நம் பிள்ளைகளின் செவிகளைக் காத்து, பயனுள்ள கல்வியை அவற்றில் நிறைப்பானாக. ஆமீன்.